மறுமொழி: டிக் ஃபீவருக்கு ‘உண்ணிக்காய்ச்சல்’ பொருந்துமா?

குழுவினருக்கு வணக்கம். நம் ‘நாய், பூனை நோய்கள்’ துண்டறிக்கையில் ‘டிக் ஃபீவர்’ என்பதற்கு என்ன தமிழ்ப்பெயர் போடுவது என்ற பேச்சுக்கு என் மறுமொழி இது.

> உண்ணி கடித்து வரும் காய்ச்சல், ஆகவே உண்ணிக்காய்ச்சல். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது, ஐயா. தமிழகச் செய்தித்தாள்கள் அந்தப் பெயரை ஏற்கெனவே ‘ஸ்கிரப் டைபஸ்’ என்னும் மனித நோய்க்கு வழங்கிவிட்டன. அதைப் பரப்புவது புதர்களில் இருக்கும் கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு. நம் நாய்களுக்கு நோய் கொண்டுவருவது சுவர் விரிசலிலும் கார் நிறுத்துமிடத்திலும் முட்டையிட்டுப் பெருகும் பழுப்பு நாய் உண்ணி. இரண்டையும் ஒரே பெயரில் அடைப்பது கோலாலம்பூர்க்காரர்களுக்கு இன்னும் அழகில்லை. ஸ்கிரப் டைபஸை குளோராம்பெனிகால் என்னும் மருந்து குணப்படுத்தும் என்று 1948இல் நோயாளிகளிடம் கொடுத்துப் பார்த்துக் காட்டியது இந்த ஊரில்தான்.

அதைவிட எனக்கு உறுத்துவது ‘காய்ச்சல்’. உண்ணி கொண்டுவரும் கிருமிகளுள் ஒன்றான எர்லிக்கியா தொற்றிய நாய்க்குத் தொடக்கத்தில் காய்ச்சல் வரும், சாப்பாட்டை ஒதுக்கும். சில வாரங்களில் அது தானாகவே தணிந்து, நாய் தேறிவிட்டதுபோல் தெரியும். கிருமியோ உள்ளேயே இருக்கும். மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் கழித்து ஈறு வெளுக்கும், மூக்கில் இரத்தம் வடியும், வயிற்றுத் தோலில் செம்புள்ளிகள் தோன்றும். அப்போது உடம்பு சுடாமலும் இருக்கலாம். பெயரை நம்பிய வீட்டுக்காரர், “காய்ச்சல் இல்லையே, இது அந்த நோய் இல்லை” என்று இருந்துவிடுவார். காய்ச்சல் இருந்தாலோ அவர் கை முதலில் போவது பெனடோல் அட்டைக்கு. அதிலுள்ள பாராசிட்டமால் நாய்க்குக் கேடு. பூனைக்கு ஒரே மாத்திரைகூட உயிரைப் பறிக்கலாம்.

> ‘உண்ணிக்கடி நோய்’ என்றால் எளிமையாக இருக்குமே. (பினாங்கிலிருந்து)

எளிமைதான், அம்மா. ஆனால் கடித்த இடத்தில் வரும் புண் என்றே படிப்பவர் நினைப்பார்.

என் பரிந்துரை: உண்ணிவழி இரத்தநோய். எர்லிக்கியா வெள்ளை அணுவுக்குள் குடியேறுகிறது. உண்ணி கொண்டுவரும் மற்ற இரு கிருமிகளில், பேபீசியா சிவப்பணுவுக்குள் புகுந்து அதை உடைக்கிறது, அனாபிளாஸ்மாவில் ஒருவகை, இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுவை (பிளேட்லெட்) பிடிக்கிறது. டிங்கிக் காய்ச்சலில் குறைகிறதே, அதே தட்டணு. மூன்றுக்கும் பொதுவானது இரத்தம்தான். மருந்து மட்டும் ஒன்றல்ல. எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின், வழக்கமாக 28 நாள். நாய் துள்ளி விளையாடத் தொடங்கியதும் நடுவில் நிறுத்தக் கூடாது. பேபீசியாவுக்கு வேறு மருந்து, அதிலும் எந்த வகைப் பேபீசியா என்று பார்க்க வேண்டும். ‘இரத்தநோய்’ என்று பெயரிலேயே இருந்தால், இரத்தப் பரிசோதனை எதற்கு என்று கிளினிக்கில் யாரும் முணுமுணுக்கமாட்டார்கள்.

‘இரத்தம்’ என்பதற்குப் பதில் ‘குருதி’ வேண்டும் என்பவர்களுக்கு: துண்டறிக்கையைப் படிக்கப்போகிறவர் செந்தூலிலோ பட்டர்வொர்த்திலோ நாய் வளர்ப்பவர். புலவர் தேர்வு எழுதப்போகிறவர் அல்லர்.

*

வணக்கம் ஐயா. என் ‘உண்ணிக்கடி’யைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் துண்டறிக்கையின் தலைப்பு ‘நாய், பூனை நோய்கள்’. பூனை வளர்ப்பவருக்கு இந்தப் பகுதியில் என்ன இருக்கிறது?

*

அம்மா, பூனைக்கு இந்த நோய் அரிது. ஆனாலும் ஒரு வரி கட்டாயம் வேண்டும், தடித்த எழுத்தில்: நாயின் முதுகில் விடும் உண்ணி மருந்தைப் பூனைக்கு விடாதீர்கள். அவற்றுள் பலவற்றில் பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லி இருக்கிறது. பூனையின் ஈரல் அதைச் சிதைக்க முடியாமல் வலிப்பு வந்துவிடும். மருந்திட்ட நாயின் மேல் பூனை படுத்துறங்குவதும் ஆபத்துதான், மருந்து காயும்வரை பிரித்து வையுங்கள்.

தடுப்புப் பகுதியில் ‘உண்ணிக் காலம்’ என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். குளிர்நாட்டுக் கையேட்டைப் பார்த்து எழுதியது போலும். நமக்கு ஆண்டு முழுவதும் உண்ணிக் காலம், அந்தச் சொல்லை எடுத்துவிடலாம். தலைப்பில் ‘உண்ணிவழி இரத்தநோய்’ என்றும், கீழே சிறிய எழுத்தில் ‘கிளினிக்கில் டிக் ஃபீவர் என்பார்கள்’ என்றும் போட்டு அச்சுக்கு அனுப்புகிறேன். ‘தட்டணு’வுக்கு மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.