பிளாக் செய்தும் புதுக் கணக்கில் வந்து மெசேஜ் அனுப்புபவர் மீது புகார் கொடுக்க முடியுமா?

கேள்வி:
வேண்டாம் என்று சொன்ன பிறகும் ஒருவர் புதுப்புதுக் கணக்கில் வந்து தங்கைக்கு இன்ஸ்டாகிராமில் மெசேஜ் அனுப்புகிறார். ஆபாசமோ மிரட்டலோ இல்லை. இது குற்றமாகுமா?

பதில் 1:
ஆகும். பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த சட்டம்) 78-ஆம் பிரிவு, அதாவது பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதற்கான பிரிவு, பொருந்த ஆபாசம் தேவையே இல்லை. பெண் விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஆண் திரும்பத் திரும்பத் தொடர்புகொண்டால் போதும். முதல்முறை 3 ஆண்டு வரை சிறை, மறுபடி செய்தால் 5 ஆண்டு வரை. அந்த 'தெளிவாக' என்ற சொல்தான் முக்கியம். வெறுமனே பதில் போடாமல் இருந்தால் எதிர்த்தரப்பு அதை வைத்தே வாதாடும். "இனி எனக்கு மெசேஜ் அனுப்பாதீர்கள்" என்று ஒரே வரி, ஒரே முறை எழுதச் சொல்லுங்கள். பிறகு ஒரு எழுத்துகூட வேண்டாம்.

பதில் 2:
பிளாக் செய்யும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். காட்டும் பெயரை நொடியில் மாற்றிவிடலாம். யூசர்நேம், புரொஃபைல் லிங்க், தேதி, நேரம் எல்லாம் பதிவாக வேண்டும். சாட்டை அழிக்கவோ போனை விற்கவோ கூடாது. மின்னணு ஆதாரத்தை நீதிமன்றம் ஏற்க பாரதிய சாக்ஷ்ய அதினியம் (சாட்சியச் சட்டம்) 63(4) பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும்.

கேட்டவர்:
ஸ்டேஷனில் 'எங்கள் எல்லை இல்லை' என்றால்?

பதில் 1:
எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்ஐஆர் (எல்லை பார்க்காமல் பதியும் முதல் தகவல் அறிக்கை) பதியலாம். மறுத்தால் புகாரைத் தபாலில் எஸ்பிக்கு (மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்) அனுப்புங்கள். தேசிய சைபர் கிரைம் போர்ட்டலிலும் பதியலாம். ஆனால் புகாரில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவைக் குறிப்பிட்டுவிடாதீர்கள். அதை உச்ச நீதிமன்றம் 2015-லேயே ரத்து செய்துவிட்டது.