உதவி: 'எக்செம்ப்லார்ஃப்ரெம்ஸ்டில்லிங்' ஆங்கிலத்தில என்னெண்டு போடுறது? அவசரம்

மழைக்கோட்டு:
நோர்ஸ்க்கில, அதான் நோர்வே மொழியில, இருக்கிற ஒண்டை ஆங்கிலத்துக்கு மாத்திக்கொண்டிருக்கிறன். இந்தச் சொல்லில நிண்டுபோச்சு. கொப்பி எடுக்கிறது எண்டு விளங்குது, ஆனா 'கொப்பியிங்' எண்டு போட்டா ஒருமாதிரிக் கிடக்கு. நாளைக்கு விடியக் குடுக்கவேணும். தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

பேர்கன்காரன்:
என்ன பத்திரம்? முழு வசனத்தையும் போடுங்கோ.

தேங்காய்ச்சொட்டு:
பிறப்புச் சான்றிதழாத்தான் இருக்கும். கொப்பியில 'ரெத் கொப்பி பெக்ரெஃப்டெஸ்' எண்டு சீல் குத்துவினம். 'சேர்ட்டிஃபைட் ட்ரூ கொப்பி' எண்டு போட்டால் சரி. கனபேருக்கு எழிதிக் குடுத்தனான்.

பேர்கன்காரன்:
அண்ணை, அவர் கேட்ட சொல்லு வேற. சீலைப் பற்றி ஆர் கேட்டது?

கோவை_மீனா:
எனக்கு நார்வேஜியன் தெரியாது, ஜெர்மன் படிச்சிருக்கேன். அதுல எக்ஸெம்ப்ளார்னா பிரதின்னும் வரும், ஆய்வகத்துல வைக்கிற மாதிரின்னும் வரும். அறிவியல் கட்டுரையா இருந்தா 'ஸ்பெசிமன் ப்ரிப்பரேஷன்'னு இருக்கலாமே? என்ன துறைன்னு சொல்லுங்களேன்.

சட்டப்பூனை (மூத்த உறுப்பினர்):
ஆய்வகமாம், சீலாம். இது பதிப்புரிமைச் சட்டத்துச் சொல்லு. 2018 யூலை 1இல நடைமுறைக்கு வந்த ஒன்ஸ்வெர்க்லோவன் (நோர்வேயின்ர பதிப்புரிமைச் சட்டம்), 3ஆம் பிரிவு. நிலையானதோ தற்காலிகமானதோ, எந்த வழியில எந்த வடிவில எண்டாலும் பிரதி ஆக்குறது படைச்சவருக்கு மட்டுமே உள்ள உரிமை. ஆங்கிலத்தில 'ரீப்ரொடக்‌ஷன்'. சட்டத்தைத் திறந்து பாக்கப் பஞ்சிப்படுற ஆக்கள் ஏன் மொழிபெயர்ப்புக்கு வருகினமோ தெரியேல்லை.

மழைக்கோட்டு:
ஒப்பந்தம்தான், அது விளங்கும் எண்டு நினைச்சன். பாட்டு ஒலிப்பதிவுக்கான ஒப்பந்தம். வசனம் இப்பிடிப் போகுது: 'எக்செம்ப்லார்ஃப்ரெம்ஸ்டில்லிங் ஒக் தில்யெங்கெலியோரிங் ஃபோர் அல்மென்ஹேத்தன்'. ரெண்டாவது சொல்லு, பொதுமக்களுக்குக் கிடைக்கச் செய்யுறது எண்டு வரும்.

பேர்கன்காரன்:
அப்ப முதல் சொல்லு 'ரீப்ரொடக்‌ஷன்'தான், பூனையார் சொன்னது சரி. 'கொப்பியிங்' எண்டால் பொத்தானை அமத்தி ஒண்டு எடுக்கிறமாதிரிக் கிடக்கும். இதுக்குள்ள சிடி அடிக்கிறதும் வரும், கணினி தற்காலிகமாச் சேமிச்சு வைக்கிறதும் வரும். ஆனா ரெண்டாவது சொல்லில கவனம். 'மேக்கிங் அவெய்லபிள்' எண்டு சும்மா போட்டு விட்டுடாதேங்கோ. ஐரோப்பிய ஒன்றியத்தின்ர 2001/29 நெறிமுறையில அது ஒடுங்கின பொருள்: ஆள் தான் விரும்பின நேரத்தில, விரும்பின இடத்தில இருந்து இணையத்தில எடுக்கிறது. நோர்வே சட்டத்தில அது பெரிய குடை. பிரதி விக்கிறது, வாடகைக்குக் குடுக்கிறது, மேடையில பாடுறது, ஒலிபரப்புறது எல்லாம் அதுக்குள்ளதான். 'நோர்வே பதிப்புரிமைச் சட்டம் 3ஆம் பிரிவின் பொருளில்' எண்டு ஒரு வரி சேருங்கோ.

சட்டப்பூனை:
நோர்வே எப்ப ஒன்றியத்தில சேந்தது? 1972லயும் 1994லயும் சனம் வாக்குப் போட்டு வேண்டாம் எண்டது. அந்த நெறிமுறைக்கு இங்க என்ன வேலை?

பேர்கன்காரன்:
சேரேல்லைதான். ஆனா ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி ஒப்பந்தம் எண்டு ஒண்டு 1994இல இருந்து இருக்கு, கேள்விப்படேல்லையோ? அதின்ர வழியாத்தான் அந்த நெறிமுறை வந்தது. அதுக்காக 2005இல சட்டத்தையே திருத்தினவை.

சட்டப்பூனை:
ஒப்பந்தம் தெரியும். அதுக்காக ஆங்கிலச் சொல்லையும் பிரசெல்சில இருந்தே எடுக்கோணும் எண்டு எங்க கிடக்கு?

பேர்கன்காரன்:
எடுக்கோணும் எண்டு ஆர் சொன்னது? வாசிக்கப்போற ஆங்கில வக்கீல் அந்தப் பொருளில விளங்கிக்கொள்ளுவார், அதாலதான் விளக்கம் போடச் சொல்லுறன்.

தேங்காய்ச்சொட்டு:
அது கிடக்கட்டும். மகளின்ர கலியாண வீடியோவுக்குப் பின்னால சினிமாப் பாட்டுப் போட்டா பிழையோ?

சட்டப்பூனை:
26ஆம் பிரிவு. சொந்தப் பாவனைக்கு, உழைப்புக்கு இல்லாமல், ஒண்டிரண்டு பிரதி எடுக்கலாம். யூடியூப்பில ஏத்தினா அது சொந்தப் பாவனை இல்லை.

தேங்காய்ச்சொட்டு:
சொந்தக்காரர் மட்டும்தான் பாப்பினம்.

கோவை_மீனா:
உங்க சொந்தக்காரங்க எத்தனை பேருங்க?

தேங்காய்ச்சொட்டு:
கலியாணத்துக்கு முந்நூறு சொன்னனாங்கள்.

சட்டப்பூனை:
இழை எங்கயோ போகுது.

மழைக்கோட்டு:
ரீப்ரொடக்‌ஷன் எண்டு போட்டு அனுப்பியாச்சு. எல்லாருக்கும் நன்றி.

பேர்கன்காரன்:
மற்றச் சொல்லுக்கு விளக்கம் போட்டனீங்களோ?

பேர்கன்காரன்:
தம்பி?