பச்சைக் காப்பிக்கொட்டை கேப்ஸ்யூல்: எடை குறையுமா?

கேள்வி (தண்டையார்பேட்டை): வண்ணாரப்பேட்டை கடைங்கள்ல பச்சைக் காப்பிக்கொட்டை சாறு கேப்ஸ்யூல் விக்கிறாங்க. எப்படி எடுக்கணும்? தைராய்டு மாத்திரையும் போடுறேன்.

பதில்: எடையைக் குறைக்கும்னு சொல்ற குளோரோஜெனிக் அமிலம் வறுக்காத கொட்டையில அதிகம், வறுத்தா பெரும்பகுதி சிதைஞ்சிடும். டப்பாவுல அமிலம் எத்தனை சதவீதம், காஃபீன் எத்தனை மில்லிகிராம்னு தனித்தனியா போட்டிருக்கணும். வெறும் "சாறு 500 மி.கி."ன்னு இருந்தா வாங்காதீங்கக்கா. 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண்ணும் பாருங்க.

பதில்: இதைப் பிரபலமாக்கின 2012 ஆய்வுல 16 பேர்தான். தரவுக்கு உறுதி தர முடியலன்னு எழுதினவங்களே 2014ல அந்த ஆய்வை வாபஸ் வாங்கிட்டாங்க. காசைப் போடாதீங்க.

பதில்: தைராய்டு மாத்திரையைக் காலையில வெறும் வயித்துல தண்ணியோட போடுங்க. கூடவே காப்பி குடிச்சாலே மருந்து உடம்புல சேர்றது குறையும். இந்த கேப்ஸ்யூலுக்கும் குறைஞ்சது ஒரு மணி நேரம் விடுங்க. சாயங்காலத்துக்கு மேல வேணாம், தூக்கம் போயிடும். சுகர், பிரஷர் மாத்திரையும் இருந்தா ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஓ.பி.யில டாக்டர்கிட்ட டப்பாவைக் காட்டாம தொடாதீங்க.