தங்கமீன் செவுளில் வெள்ளைப் புள்ளிகள்: என்ன மருந்து போடுவது?

பால்மரத்து வீடு (சுங்கை சிப்புட்):

எல்லாருக்கும் வணக்கம். அப்பா வளர்த்த ஐந்து தங்கமீன்களில் ஒன்று நேற்றுக் காலை செத்துவிட்டது. மற்ற நான்கையாவது காப்பாற்ற வேண்டும்.

அப்பா முப்பது ஆண்டுகள் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்து லயத்து வீட்டை விட்டுத் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்த வாரமே இந்தத் தொட்டியை வாங்கினார். மூன்றடி நீளம், ஏறக்குறைய 170 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அவர் போய் எட்டு மாதம் ஆகிறது. அதுமுதல் நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

போகிக்கு வீட்டைக் கழுவிய கையோடு தொட்டியையும் கழுவினேன். மூன்றாம் நாளிலிருந்து மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. விடியற்காலையில் பார்க்கவே மனம் தாங்கவில்லை. உற்றுப் பார்த்தால் இரண்டு மீன்களின் செவுள் மூடியில் வெள்ளைப் புள்ளிகள். மீன்கடையில் வெண்புள்ளி நோய் என்று சொல்லி நீல மருந்து கொடுத்தார்கள். இரண்டு நாள் ஊற்றிவிட்டேன், குணமில்லை. அளவைக் கூட்டலாமா?

செம்பனை நிழல் (தெலுக் இந்தான்):

அக்கா, வெண்புள்ளி என்றால் இரண்டு நாளில் போகாது. தோலுக்கு அடியில் இருக்கும் கிருமியை மருந்து தொடுவதில்லை. அது உதிர்ந்து, அடியில் பெருகி, கிருமிக் குஞ்சுகள் நீந்தி வரும்போதுதான் மருந்தில் சாகும். ஆகவே புள்ளி மறைந்த பிறகும் சில நாள் மருந்தை நிறுத்தக் கூடாது. ஹீட்டர் போட்டு 30 டிகிரிக்கு ஏற்றினால் அந்தச் சுற்று சீக்கிரம் முடியும்.

பழைய டிரெஸ்ஸர் (சுங்கை சிப்புட்):

மகளே, மருந்தை நிறுத்து. ஹீட்டரும் வேண்டாம். தம்பி வெண்புள்ளியைப் பற்றிச் சொன்னது சரிதான். ஆனால் இது அந்த நோயா என்பதே எனக்குச் சந்தேகம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக இருந்தவன் நான். காய்ச்சல் என்று வந்தவருக்கெல்லாம் ஒரே மாத்திரையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். முதலில் இதற்குப் பதில் சொல்: செத்த மீனுக்குப் புள்ளி இருந்ததா? புள்ளிகள் உடம்பு, வால் எங்கும் இருக்கின்றனவா, செவுள் மூடியில் மட்டுமா? பக்கத் துடுப்பின் முன் நரம்பைப் பார்த்தாயா? ஃபில்டர் பஞ்சை எந்தத் தண்ணீரில் கழுவினாய்?

பால்மரத்து வீடு:

ஐயா, செத்ததற்கு ஒரு புள்ளிகூட இல்லை. இந்த இரண்டுக்கும் செவுள் மூடியில்தான். நீங்கள் கேட்ட பிறகு டார்ச் அடித்துப் பார்த்தேன். துடுப்பின் முன் நரம்பிலும் வரிசையாக இருக்கின்றன. பஞ்சு, கூழாங்கல் எல்லாவற்றையும் குழாய்த் தண்ணீரில் வெள்ளையாகும்வரை கழுவினேன்.

பழைய டிரெஸ்ஸர்:

அப்படியானால் அந்தப் புள்ளி நோயில்லை, மகளே. அவை இரண்டும் ஆண் மீன்கள். இனப்பெருக்கப் பருவத்தில் ஆண் தங்கமீனுக்குச் செவுள் மூடியிலும் பக்கத் துடுப்பின் முன் நரம்பிலும் இப்படி வெள்ளை முளைகள் வரும். வெண்புள்ளி நோய் இடம் பார்த்து வராது. உப்பைத் தூவியதுபோல் வாலிலும் முதுகிலும் சிதறிக் கிடக்கும்.

மூச்சுத் திணறலுக்குக் காரணம் அந்தப் பஞ்சு. மீன் கழிவில் வரும் அம்மோனியாவைத் தின்னும் நல்ல பாக்டீரியா அதில்தான் குடியிருந்தது. குழாய்த் தண்ணீரில் இருந்த குளோரின் அதைக் கொன்றுவிட்டது. இப்போது அம்மோனியா செவுளை எரிக்கிறது. புள்ளியில்லாத மீன் செத்ததும் இதனால்தான் என்று நினைக்கிறேன். இந்நேரம் சூட்டை ஏற்றினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், அம்மோனியாவின் நஞ்சு கூடும்.

அம்மோனியா சோதனைக் குப்பி ஒன்று வாங்கி அளந்து பார். அதுவரை காத்திராமல் இன்றே பாதித் தண்ணீரை மாற்று. புதுத் தண்ணீரில் குளோரின் முறிக்கும் மருந்தைக் கலந்த பிறகே ஊற்ற வேண்டும். காற்றுக்கல் இரவும் பகலும் ஓடட்டும். மூன்று நாள் தீனி வேண்டாம். தங்கமீன் அதைத் தாங்கும். நோயில்லாத தொட்டி வைத்திருப்பவரிடம் பழைய பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி உன் ஃபில்டரில் வை. பஞ்சு ஈரம் காயாமல் வர வேண்டும்.

செம்பனை நிழல்:

ஐயா சொல்வதே சரி. புள்ளி எங்கே இருக்கிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். மன்னியுங்கள் அக்கா.

பால்மரத்து வீடு:

ஆறு நாள் கழித்து எழுதுகிறேன். முதல் நாள் சோதனையில் தண்ணீர் கரும்பச்சையாக மாறியது, அம்மோனியா 4 என்று அட்டை காட்டியது. தினமும் தண்ணீர் மாற்றினேன். பின்தெருவில் கப்பி மீன் வளர்க்கும் ஆன்ட்டி பஞ்சுத் துண்டைத் தொட்டித் தண்ணீரோடு பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்தார். இன்று 0.5. நான்கும் உயிரோடு இருக்கின்றன. அப்பா 'கறுப்பி' என்று கூப்பிடும் மீன் இன்று காலை அடியில் கல்லைக் கிளறிக்கொண்டிருந்தது. நெடுநேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஆனால் இப்போது நைட்ரைட் 1 காட்டுகிறது, ஐயா. பயமாக இருக்கிறது.

பழைய டிரெஸ்ஸர்:

கறுப்பி கல்லைக் கிளறுகிறது என்று படித்ததும் எனக்கும் நிம்மதி. பாக்டீரியா அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டாக மாற்றும். அது அடுத்த படி, வந்துதான் போகும். தண்ணீர் மாற்றுவதை விடாதே. அயோடின் கலக்காத கல்லுப்பை லிட்டருக்கு 1 கிராம் கணக்கில் வேறு பாத்திரத்தில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்று. உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக இரத்தத்தில் ஏறாமல் தடுக்கும். மறுபடி தண்ணீர் மாற்றும்போது மாற்றிய அளவுக்கு மட்டும் உப்புப் போடு: 70 லிட்டர் என்றால் 70 கிராம். இனிமேல் பஞ்சு அழுக்கானால், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசிப் பிழிந்தால் போதும்.