புது பிக்கப்பை எந்தக் கிட்டாரில் போட்டீர்கள்?

திருநகர்வாசி:
எலெக்ட்ரிக் கிட்டாரின் கம்பி ஒலியை ஆம்ப்புக்கு (ஒலிபெருக்கிக்கு) அனுப்புவது பிக்கப். ஒரே ஒரு பிக்கப்புக்குத்தான் கையில் காசு இருந்தது. சுவரில் தொங்குவதோ மூன்று கிட்டார்: லெஸ் பால் மாடல் ஒன்று, கல்லூரி நாளில் வாங்கிய ஸ்ட்ராட் மாடல் ஒன்று, யமஹா பசிஃபிகா 112வி ஒன்று. விசாரித்த இடத்தில் எல்லாம் ஒரே பதில், "எது மோசமா கேக்குதோ அதுல போடு." இந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடே இல்லை.

அந்த லெஸ் பாலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்ப்பில் சொருகினால் போர்வைக்குள்ளிருந்து பாடுவது போல இருக்கும். பிக்கப்தான் காரணம் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் ஆம்ப் இல்லாமல் வாசித்தாலும் ஜி கம்பி மேல் ஃபிரெட்களில் (கழுத்தில் பதித்த குறுக்குக் கம்பிகளில்) சட்டென்று செத்துப்போகிறது. ஒரு பெண்ட் போட்டால், அதாவது கம்பியை விரலால் இழுத்து வளைத்தால், நட்டில் (கழுத்து முனையில் கம்பிகள் உட்காரும் பள்ளப் பட்டையில்) 'டிங்' என்று கேட்கும், அதோடு சுருதி இறங்கிவிடும். பிக்கப் என்பது என்ன? காந்தம், அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். மேலே அதிரும் கம்பியின் அசைவை மின்சாரமாக மாற்றித் தருவதோடு அதன் வேலை தீர்ந்தது. கம்பியில் இல்லாத நாதத்தை அது எங்கே போய்க் கொண்டுவரும்?

அதனால் ஆம்ப்பை ஓரம் கட்டிவிட்டு, தெரு அடங்கிய பிறகு கிட்டாரின் மேல்கொம்பில் காதை ஒட்டி வைத்து ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக் கேட்டேன். பசிஃபிகா நன்றாக நீண்டு ஒலித்தது. ஆனால் அதில் கம்பெனியே ஆல்னிகோ 5 காந்தம் போட்ட பிக்கப் கொடுத்திருக்கிறது, அதைக் கழற்றுவானேன்? ஸ்ட்ராட்டில் பெயின்ட் உதிர்ந்து பார்க்கச் சகிக்காது. ஆனால் நெக் (கழுத்து) கைக்குப் பழகியது, ஃபிரெட் தேயவில்லை, பெண்ட் போட்டுத் திரும்பினால் சுருதி நின்ற இடத்தில் நிற்கிறது. சொருகினால் மட்டும் காதைக் குத்தும். குறை பிக்கப்போடு நிற்கிற கிட்டார் அது ஒன்றுதான்.

அப்புறம் ஸ்ட்ராட்டின் முன்பக்க பிளாஸ்டிக் மூடியான பிக்கார்டின் 11 ஸ்க்ரூவையும் கழற்றி உள்ளே பார்த்தேன். பிரிட்ஜ் (கம்பிகள் உடலில் முடியும் இடம்) பக்கத்து மரக்குழி, இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கர் உட்காரும் அகலத்துக்கே வெட்டியிருந்தது, உளிக்கு வேலை இல்லை. வாங்குவதற்கு முன் ஸ்கேல் வைத்து ஒன்று அளந்துகொள்ளுங்கள். பழைய கிப்சன் அளவு ஹம்பக்கரில் முதல் போலுக்கும் (ஒவ்வொரு கம்பிக்கும் கீழே இருக்கும் உலோக முனை) ஆறாவதுக்கும் சுமார் 50 மி.மீ.; ஸ்ட்ராட் பிரிட்ஜ் பக்கம் கம்பிகள் 52, 53 என்று விரிந்து போகும். அதற்கென்றே அகல வகை விற்கிறார்கள். நான் அதைத்தான் வாங்கினேன்.

மேலூர் லீட்:
அண்ணே சொன்னது சரி. ஆனால் மெல்லிசை மேடையில் வாசிக்கிறவனுக்குக் கணக்கு வேற. பங்குனிப் பொங்கல் கச்சேரியை நினைத்துப் பாருங்கள். மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர், தலைக்கு மேல் டியூப்லைட் சோக், சுற்றிலும் சீரியல் செட். பாட்டு முடிந்து அறிவிப்பாளர் மைக்கை எடுத்தால், சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள் பிக்கப்) கிட்டார் மட்டும் 'ம்ம்ம்ம்' என்று தனி ஆவர்த்தனம் நடத்தும். நம்ம ஊர் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அது.

கிப்சன் கம்பெனியின் சேத் லவர் 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர் இந்தத் தொல்லைக்கு என்றே வந்தது. இரண்டு சுருள், இணைப்பு எதிரெதிர், காந்த முனையும் எதிரெதிர். வெளியிலிருந்து வரும் இரைச்சல் கழிந்துவிடும், கம்பியின் ஒலி கூடிக்கொள்ளும். குழிக்குள் செம்புத் தாள் ஒட்டினால் போதும் என்பவர்கள் உண்டு. நானும் ஒட்டியிருக்கிறேன், கரகரப்பு குறையும், சோக் இரைச்சல் அப்படியே இருக்கும்.

அதனால் கச்சேரி வேனில் எந்தக் கிட்டார் ஏறுகிறதோ அதற்குத்தான் என் காசு. வீட்டில் இருக்கும் கிட்டார் இதைவிட நன்றாக ஒலிக்கும், இருந்தாலும் அதைத் தொடவில்லை. அந்த ஸ்ட்ராட்டில், சிங்கிள் காயில் அளவிலேயே வரும் ரெயில் ஹம்பக்கர் (தனித்தனி போலுக்குப் பதில் நீளப் பட்டை உள்ளது) மூன்று போட்டேன். ஸ்ட்ராட்டுக்கே உரிய அந்தக் கண்ணாடிச் சத்தம் கொஞ்சம் போச்சு. ஊர்த் திருவிழாவில் அதை யார் கேட்கப் போகிறார்கள்?

பசுமலை கொயர்:
தம்பிமார் இருவரும் கிட்டாரைப் பற்றியே பேசுகிறீர்கள், வயரையும் கொஞ்சம் பாருங்கள். எங்கள் சர்ச்சில் வாசிக்கும் பையன் பிரிட்ஜ் பக்கம் சீமோர் டங்கன் கம்பெனி ஹம்பக்கர், நெக் பக்கம் டிமார்ஸியோ கம்பெனி ஹம்பக்கர் என்று கலந்து போட்டான். இரண்டிலும் நான்கு வண்ண வயரும் ஒரு வெறும் வயரும். டங்கனில் கறுப்பு ஹாட் (ஒலி போகும் வயர்), சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்துக் கட்ட வேண்டும். டிமார்ஸியோவில் சிவப்பு ஹாட், கறுப்பும் வெள்ளையும் சேரும். பச்சையும் வெறும் வயரும் இரண்டிலும் எர்த். அவன் டங்கன் வயரிங் படத்தைப் பார்த்தே இரண்டுக்கும் சால்டர் வைத்துவிட்டான். நெக் பிக்கப் பாஸே இல்லாமல், ஒல்லியாக, முன்னைவிட இரைச்சலோடு வந்தது. பிக்கப் போலி என்று திருப்பி அனுப்பவே கிளம்பிவிட்டான்.

முள் மல்டிமீட்டர் இருந்தால் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். மீட்டரை பிக்கப்பின் ஹாட்டிலும் எர்த்திலும் வைத்து, ஸ்க்ரூடிரைவரை ஒரு சுருளின் போல்கள் மேல் வைத்து வெடுக்கென்று எடுங்கள். முள் ஒரு பக்கம் துள்ளும். அடுத்த சுருளிலும் அதே பக்கம் துள்ள வேண்டும். அவனுடையதில் ஒன்று இடம், ஒன்று வலம். வயரை மாற்றி வைத்ததும் சரியாகிவிட்டது.

திருநகர்வாசி:
நல்லவேளை அக்கா, நான் ஒன்றுதான் போட்டேன். பாட் (வால்யூம், டோன் திருகு) பற்றி ஒரு வார்த்தை: சிங்கிள் காயிலுக்கு 250கே (கிலோ ஓம்), ஹம்பக்கருக்கு 500கே என்பதுதான் வழக்கம். ரேடியோ ஸ்பேர் கடையில் 'வால்யூம் கன்ட்ரோல்' என்றால் எடுத்துத் தருவார்கள், ஆனால் மேலே ஏ என்று இருக்கிறதா பாருங்கள். பி வகையைப் போட்டால் திருகும்போது முதலில் ஒன்றும் குறையாது, கடைசியில் ஒரேயடியாக விழும். 500கே வைத்ததும் நடுவிலும் நெக்கிலும் உள்ள சிங்கிள் காயில் கொஞ்சம் கூர்மையாகிவிட்டது. டோனைச் சற்றுக் குறைத்து வாசிக்கிறேன்.

லெஸ் பாலுக்கு இப்போதைக்கு நட் மட்டும் மாற்றப் போகிறேன். மேலூர் தம்பி, ரெயில் பிக்கப்பை எவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறாய்?

மேலூர் லீட்:
கடைசி ஃபிரெட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு அளந்தால் பிரிட்ஜில் 2 மி.மீ., நெக்கில் இன்னும் கொஞ்சம் தள்ளி. அதற்கு மேல் காதைத்தான் நம்பணும் அண்ணே.