அஷர் என்றால் டார்ச் அடிப்பவரா?

இங்கிலாந்தில் ஒரு பழைய கிராமர் ஸ்கூலில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். முதல் நாள் ஆபீஸ் வாசலில் காத்திருந்தபோது சுவரில் இருந்த மரப்பலகையைப் படித்தேன். ஒரு பக்கம் 'மாஸ்டர்' என்று போட்டு வரிசையாகப் பெயர்கள், மறுபக்கம் 'அஷர்'. எனக்குத் தெரிந்த அஷர், தியேட்டரில் டார்ச் அடித்து சீட் காட்டுகிறவர்தான். பள்ளிக்கூடத்தில் அவருக்கு என்ன வேலை?

வரலாறு எடுக்கும் பெரியவரிடம் கேட்டேன். "பாதி சரிதான்" என்று சிரித்தார். லத்தீனில் ஆஸ்டியாரியஸ் என்றால் வாயிற்காவலர். அது பிரெஞ்சு வழியாக வந்து, தேய்ந்து அஷர் ஆகிவிட்டது. அந்தக் காலத்துப் பள்ளிகள் பலவற்றில் ஒரு மாஸ்டர், அவருக்குக் கீழே ஒரு அஷர், அவ்வளவுதான். பொடியன்களை லத்தீன் இலக்கணம் உருப்போட வைப்பது அஷர் தலையில் விழும்.

அப்புறம் அவர் மற்ற பழைய பள்ளிகளின் பட்டப் பெயர்களை அடுக்கிக்கொண்டே போனார். 1382இல் தொடங்கிய வின்செஸ்டரில் தலைமையாசிரியருக்குப் பழைய பெயர் 'இன்ஃபர்மேட்டர்' (போலீஸுக்குத் துப்புக் கொடுப்பவர் இல்லை, கற்றுக்கொடுப்பவர்!). 1509இல் வந்த செயின்ட் பால்ஸில் 'ஹை மாஸ்டர்', அடுத்த இடத்தில் 'சர்மாஸ்டர்'. டல்விச்சில் வெறும் 'மாஸ்டர்'. ராட்லியில் 'வார்டன்', நமக்கு ஹாஸ்டல்தான் ஞாபகம் வரும். ஈட்டன் பையன்கள் வாத்தியாரை 'பீக்' என்பார்களாம், அதாவது பறவை அலகு.

என்னை யோசிக்க வைத்தது 'மிஸ்'தான். பன்னிரண்டு வயதில் மகன் இருக்கிறான், வகுப்பில் நான் மிஸ். நம் ஊர் கான்வென்டிலும் அப்படித்தான் கூப்பிட்டோம், ஏனென்று கேட்டதில்லை. கல்யாணமானால் ஆசிரியை வேலையை விட வேண்டும் என்று இங்கே பல ஊர்களில் விதி இருந்திருக்கிறது. 1944 கல்விச் சட்டம்தான் அதை எடுத்தது. அதுவரை நிஜமாகவே பெரும்பாலும் மிஸ்களாகத்தான் இருந்திருப்பார்கள்!

*

உங்கள் பதிவைப் படித்தேன், அக்கா. ஸ்காட்லாந்தில் கதையே வேறு. கிராமத்து வாத்தியாரை அங்கே 'டாமினி' என்பார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரைச் சுற்றிப் பார்க்கப் போனபோது 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பெயரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். அது ஒரு பள்ளிக்கூடம். தலைவருக்குப் பட்டம் 'ரெக்டர்'. பணம் கொடுத்தவர் அந்த ஊர்க்காரர் ஆண்ட்ரூ பெல். எழும்பூரில் அநாதைப் பையன்கள் பள்ளியை நடத்தியவர். பிள்ளைகளை வைத்தே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை இங்கே கொண்டுவந்து 'மெட்ராஸ் முறை' என்று பரப்பினார். நம் திண்ணைப் பள்ளியில் அதே வேலையைச் செய்த சட்டாம்பிள்ளைக்கு எந்தப் பலகையிலும் பெயர் இல்லை, அது வேறு விஷயம்.

*

பதிவைப் படித்ததும் என் வீட்டுக் கதை ஞாபகம் வந்தது. என் மகள் படிப்பது உள்ளாட்சி நடத்தும் சாதாரண கவுன்சில் பள்ளி. "உங்க ஹெட்மாஸ்டர் யாரு?" என்று கேட்டதற்கு, "ஹெட்டீச்சர்ப்பா, அவங்க லேடி" என்று திருத்தினாள். எங்கள் ஊரில் பெண்ணாக இருந்தாலும் ஹெச்.எம்.தான் என்றேன்.

"ஹெச்.எம்.னா ஹிஸ் மெஜஸ்டிதானே? உங்க ஸ்கூல்ல ராஜாவா பாடம் எடுத்தாரு?"