மிக்சரின் முதுகில் நான்கு துளைகள்: செண்டு, ரிட்டனுக்குத் தமிழ் என்ன?

சென்னை, வகுப்பு எடுப்பவர்:

குழுவினருக்கு வணக்கம். சனிக்கிழமை டிஜே பயிற்சி வகுப்பு. கையேடு நாளை இரவு அச்சுக்குப் போகவேண்டும். ஒரே பக்கத்தில் சிக்கி நிற்கிறேன்: பாட்டுகளைக் கலக்கும் மிக்சரோடு, ஒலிக்கு எதிரொலி சேர்க்கும் ஓர் எக்கோ பெட்டியை வெளியிலிருந்து இணைப்பது.

வேலை எளியது. மிக்சரின் பின்பக்கம் செண்டு என்று இடம், வலம் இரண்டு துளை. அங்கிருந்து பெட்டியின் இன்புட்டுக்கு இரண்டு ஒயர். பெட்டியின் அவுட்புட்டிலிருந்து மிக்சரின் ரிட்டன் துளைகளுக்கு இரண்டு ஒயர். போன தடவை 'அனுப்பு', 'திரும்பு' என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு பையன் மிக்சரை முன்னும் பின்னும் தடவிப் பார்த்துவிட்டு, "சார், அனுப்பு பட்டனைக் காணோம்" என்றான். இன்னொருத்தி 'திரும்பு' என்று வாசித்துவிட்டுத் திரும்பி நின்று காட்டினாள். கிண்டல்தான், ஆனால் நியாயமான கிண்டல். நல்ல சொல் கொடுங்கள்.

தஞ்சாவூர் ஐயா:

தம்பி, பிழை மாணவர்மேல் இல்லை. முதனிலைத் தொழிற்பெயரும் ஏவலும் ஒரே உருவில் நிற்கும். 'அனுப்பு' என்று தனியே பொறித்தால் கட்டளையாகத்தான் ஒலிக்கும். 'அனுப்புகை' என்றால் இலக்கணம் சரி, ஆனால் கண்ணில் படுவது புகை. வள்ளுவர் நமக்கு வேலையே வைக்கவில்லை. வலியறிதலில், 'ஆகாறு அளவிட்டி தாயினுங் கேடில்லை போகாறு அகலாக் கடை.' வரவு சிறிதானாலும் செலவு பெருகாவிட்டால் கேடில்லை என்கிறார். வரும் வழி ஆகாறு, போகும் வழி போகாறு. இரண்டும் வினைத்தொகை. காலம் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை என்கிறது நன்னூல். காலம் கரந்ததால் நேற்றைய ஒலிக்கும் நாளைய ஒலிக்கும் பொருந்தும். இதைவிட என்ன வேண்டும்?

கோவை, ஒலி அமைப்பாளர்:

ஐயா, வணக்கம். ஆகாறு என்று ஒட்டினால் எங்கள் பசங்க ஆறாம் நம்பர் துளையைத் தேடுவார்கள். கல்யாணம், கோயில் திருவிழா என்று இருபது வருஷமாக மேடைக்கு ஒயர் இழுக்கிறேன். இருட்டில், ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவில், "ரிட்டன் வரல!" என்று கத்தினால் அடுத்த முனையில் இருப்பவனுக்குப் புரிகிறது. 'ஆகாறு வரல' என்று நான் கத்தி, அவன் வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவா?

அப்புறம், சொல்லைவிட முக்கியமான ஒன்றைக் கையேட்டில் விட்டுவிடாதீர்கள். எக்கோ பெட்டியாகச் சிலர் கிட்டார் பெடலை, அதாவது காலால் மிதிக்கும் எஃபெக்ட் பெட்டியை, மாட்டுவார்கள். அவை கிட்டாரின் மெல்லிய சிக்னலுக்காகச் செய்தவை. தொழில்முறை மிக்சர் வெளியே அனுப்பும் சிக்னல் அளவு, அதாவது லைன் லெவல், +4 டிபியு கணக்கு; கிட்டாருடையதைவிட நல்ல பலம். அப்படியே பெடலுக்குள் விட்டால் கரகரக்கும். செண்டைக் குறைவாக வைத்துத் தொடங்கச் சொல்லுங்கள்.

சிவகங்கைக்காரர்:

எங்கள் பக்கம் கண்மாய்க்குத் தண்ணீர் வருவது வரத்துக்கால். 'வரத்து இல்லை' என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். 'போக்கு', 'வரத்து' என்றே வைத்துவிடலாமே? இரண்டும் பெயர்ச்சொல். யாரும் பட்டனைத் தேட மாட்டார்கள்.

தஞ்சாவூர் ஐயா:

வரத்து நல்ல சொல். ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் அரசுப் பேருந்து அல்லவா வந்து நிற்கும்? வரத்துக்கால் என்றே முழுதாக வையுங்கள். 'கால்' என்றால் நீர்வழி மட்டுமா? காற்றும் கால்தான். ஒலி காற்றில் செல்வது. ஆகவே வரத்துக்கால், காற்றில் செல்லும் ஒலி வரும்...

கோவை, ஒலி அமைப்பாளர்:

ஐயா, ஒயருக்குள் காற்று ஏது?

முன்னாள் வானொலிக்காரி:

கண்மாய் உவமை அழகு, ஆனால் இங்கே வழுக்குகிறது. தண்ணீர் போனால் போனதுதான். செண்டில் போவது ஒலியின் நகல். அசல் பாட்டு மிக்சருக்குள் தன் வழியே ஓடிக்கொண்டே இருக்கிறது. முழு ஒலியும் வெளியே போய்த் திரும்புவது இன்சர்ட்டு என்ற வேறு முறை. சில மிக்சர்களில் இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டுப் பையனுக்கு இப்படிச் சொன்னேன். அசல் பாட்டு சோறு, எக்கோ குழம்பு. சோறு ஏற்கெனவே இலையில் இருக்கிறது. ரிட்டன் வழியாகக் குழம்பு மட்டும் வரவேண்டும், அதனால் பெட்டியில் அசலும் எக்கோவும் கலக்கும் அளவை வைக்கிற மிக்ஸ் குமிழை முழுக்க எஃபெக்ட் பக்கம் திருப்பு. குழம்புச்சோறாக வந்தால் சோறு இரண்டு தடவை விழும். அதுவும் டிஜிட்டல் பெட்டி என்றால் இரண்டாவது சோறு சில மில்லிநொடி தாமதமாக வரும், பாட்டு தகரக் குழாய்க்குள் பாடுகிற மாதிரி ஆகிவிடும். இன்சர்ட்டில் இலை காலி, எனவே குழம்புச்சோறுதான் வேண்டும். ஆங்கிலத்தில் எக்கோ சேராத ஒலியை டிரை, சேர்ந்ததை வெட் என்பார்கள்; நான் 'வெறும் ஒலி', 'தோய்ந்த ஒலி' என்பேன். 'ஈர ஒலி' வேண்டாம், ஜலதோஷம் பிடித்த மாதிரி இருக்கிறது.

சென்னை, வகுப்பு எடுப்பவர்:

அம்மா, சோறு–குழம்பு அப்படியே கையேட்டுக்குப் போகிறது. இன்சர்ட்டுக்கு 'இடைச்செருகல்' என்று போடட்டுமா?

தஞ்சாவூர் ஐயா:

வேண்டாம் தம்பி. ஏட்டில் இடைச்செருகல் என்றாலே திருட்டு வேலை. 'இடையீடு' என்று வையுங்கள். 'தோய்ந்த' சரி. பாலைத் தோய்த்தால் தயிர், மறுபடி பாலாகாது. எக்கோ விழுந்த ஒலியும் அப்படித்தான்.

கோவை, ஒலி அமைப்பாளர்:

இதில் ஐயாவோடு முழு உடன்பாடு, தேதி குறித்துக்கொள்ளுங்கள். ஓர் எச்சரிக்கையும் சேருங்கள். சிலர் ரிட்டனை மிக்சரின் ஒரு காலி சேனலில் வாங்குவார்கள், அங்கே பேஸ், டிரெபிள் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் கிடைக்கும் என்பதற்காக. அந்த சேனலின் செண்டைத் திறந்தால் எக்கோ தன்னையே தின்று வளர்ந்து ஊளையிடும். 1970களில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் கிங் டபி போன்ற ஒலிப்பொறியாளர்கள் எக்கோவை இப்படிப் பெருக்கவிட்டு, குமிழ் மேலேயே கை வைத்து அடக்கி, ரெக்கே பாட்டுகளிலிருந்து டப் இசை செய்தார்கள். நம் பசங்க முதல் நாளே செய்தால் ஸ்பீக்கர் போய்விடும்.

தஞ்சாவூர் ஐயா:

போகாறு அகலாக் கடை! நான் முதலிலேயே சொன்னேன்.

சென்னை, வகுப்பு எடுப்பவர்:

சரி, மணி பதினொன்று. ஆறு பேர் போக்கு–வரத்து, இருவர் செண்டு–ரிட்டன், ஐயா தனி. படத்தில் 'ஒலிப்போக்கு', 'ஒலிவரத்து' என்று போட்டு, கீழே செண்டு, ரிட்டன் என்றும் எழுதிவிட்டேன். பேருந்து வராது என்று நம்புகிறேன்.

தஞ்சாவூர் ஐயா:

அடுத்த பதிப்பில் பார்ப்போம். 'ஒலிப்போக்கு' என்றால் வயிற்றுப்போக்கு நினைவுக்கு வருகிறது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.